என்ர பாஸ்வேர்ட், அவளின்ர பாஸ்வேர்ட்

கம்பஸ் மூடில் தளத்தில மாக்ஸ் போட்டாச்சா எண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய்ப் பார்க்கிற ஆள் நான் மட்டுமில்லை. கோப்பாயில இருந்து போன் டேட்டாவில ஒவ்வொரு முறையும் உள்ள போய், ஒண்டும் இல்லாமல் வெளியில வந்து அலுத்துத்தான் பைதனில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். மொத்தம் இருபது வரி.

பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்பினால் மட்டும் மூடில் உள்ளே விடாது. லொகின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு டோக்கன் இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தை எடுத்து, டோக்கனைப் பிடுங்கி, பிறகு மூன்றையும் சேர்த்து அனுப்பவேணும். இரண்டு முறையும் வந்தது ஒரே ஆள்தான் எண்டு தளத்துக்குக் காட்டுவது குக்கி. 1994 இல் நெற்ஸ்கேப்பில் லூ மொன்ருல்லி உருவாக்கியது. பைதனின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ‘செஷன்’ ஒன்றைத் திறந்தால் குக்கியை அதுவே வைத்துக்கொள்ளும். இன்னொன்று: பாஸ்வேர்ட் பிழையெண்டாலும் பல தளங்கள் 200 எண்டுதான் பதில் தரும். அதை நம்பாமல், வந்த பக்கத்தில் ‘லொக் அவுட்’ இருக்கா எண்டு தேடுங்கோ.

என்ர ஸ்கிரிப்ட் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் போய்ப் பார்க்கும். 2022 இல் பெற்றோல் வரிசையில நிண்ட எங்களுக்கு, இடையில பூருறவனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கதை ஒழுங்கைக்குள்ள பரவிச்சுது. பக்கத்து வீட்டு அன்ரி வந்தா. மகள் கொழும்பில படிக்கிறாள், மாக்ஸ் சொல்லுறாளில்லை. பழைய போனில அவளின்ர பாஸ்வேர்ட் கிடக்குதாம்.

“தம்பி, அதைப் போட்டு ஒருக்காப் பார்த்துத் தாருமன். அவளிட்டச் சொல்லாதையும்.”

ஸ்கிரிப்டுக்கு இதில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே இருபது வரிதான், தளமும் ‘நீ ஆர்?’ எண்டு கேட்காது. கேட்கவேண்டியது எழுதுகிறவன். அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணக்குக்குள் போவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். ஆனால் நான் மறுத்தது சட்டத்துக்குப் பயந்து இல்லை. அவள் பாஸ்வேர்டை அந்தப் போனில் வைத்தது அம்மா திறக்கட்டும் எண்டு இல்லையே.

“அன்ரி, அவளிட்டயே கேளுங்கோ” எண்டன். இரண்டு கிழமை அன்ரி என்னோட கதைக்கேல்லை.

எல்லாத்தையும் பூட்டவேணும் எண்டு சொல்லேல்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் தளத்தில் பழைய ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் உள்நுழைவே இல்லாமல் வாசிக்கலாம். 1981 இல் நூலகம் எரிந்த ஊருக்கு அப்படித் திறந்த கதவு தேவை. ஒரு பிள்ளையின்ர மாக்ஸ் வேற.

‘மச்சான், என்ர பாஸ்வேர்டையும் போட்டு விடு’ எண்டு கேட்கிற பெடியளுக்கு ஸ்கிரிப்டை மட்டும் குடுக்கிறன். பாஸ்வேர்ட் அதுக்குள்ள எழுதப்படேல்லை. ஓடவிடுற நேரம் ‘கெற்பாஸ்’ கேட்கும், அவரவர் தாங்களே அடிக்கவேணும். நான் மற்றப்பக்கம் திரும்பி நிற்பன்.