பால் வில்லியம்ஸ் தன் மக்களுக்குக் கட்டியவை

லாஸ் ஏஞ்சலிஸில் பால் ரெவியர் வில்லியம்ஸ் என்றதும் பலருக்கும் நினைவு வருவது ஹாலிவுட்தான். பிராங்க் சினாட்ராவுக்கும் லூசில் பாலுக்கும் வீடு வடிவமைத்தவர். பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலின் கிரெசென்ட் பகுதி அவர் கைவண்ணம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 1923-ல் சேர்த்துக்கொண்ட முதல் கறுப்பின உறுப்பினரும் அவரே. அந்த மாளிகைகளைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அவர் தன் சொந்த மக்களுக்குக் கட்டிக் கொடுத்தவை இன்று எப்படி இருக்கின்றன என்று பார்க்கவே நான் கிளம்பினேன்.

முதலில் போனது சென்ட்ரல் அவென்யூ பக்கத்தில் உள்ள 28-வது தெரு. சிறிய வீடுகளுக்கு நடுவே நான்கு தளக் கட்டடம் ஒன்று தனித்துத் தெரிகிறது. 1926-ல் ஒய்.எம்.சி.ஏ.வுக்காகக் கட்டியது; ஸ்பானிய பாணி. எதிர்ப்புற நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேல் சுவரில் இரண்டு முகங்கள் புடைப்புச் சிற்பமாகத் தெரிகின்றன. ஒருவர் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அதற்கு எதிராக வாழ்நாள் முழுதும் பேசிய பிரடெரிக் டக்ளஸ். மற்றவர் டஸ்கீகி கல்வி நிறுவனத்தை வளர்த்தெடுத்த புக்கர் டி. வாஷிங்டன். ஸ்பானிய பாணிக் கட்டடங்களில் பூவும் கொடியும் கேடயமும் வரும் இடத்தில் வில்லியம்ஸ் இவர்களை வைத்திருக்கிறார். வேலைக்கும் படிப்புக்கும் இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய கறுப்பின இளைஞன், வாசலில் நின்று நிமிர்ந்தால் தன்னவர் இருவரைப் பார்ப்பான்.

உள்ளே தங்கும் அறைகள், உடற்பயிற்சிக்கூடம், நீச்சல் குளம் எல்லாம் இருந்தன. அன்றைக்கு அவை சாதாரண வசதிகள் இல்லை. நகரத்து ஹோட்டல்கள் பெரும்பாலும் கறுப்பர்களுக்கு அறை தராது. பொது நீச்சல் குளங்களிலும் அவர்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதனால் இந்தக் கட்டடம் எழுந்தபோது, ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு நீந்திப் பழக ஓர் இடம் கிடைத்தது.

பிற்காலத்தில் சிதிலமடைந்த கட்டடத்தை 2012-ல் புதுப்பித்து, பின்பக்கம் ஒரு புதிய பகுதியும் சேர்த்து, 49 குடியிருப்புகளாக மாற்றியிருக்கிறார்கள். குறைந்த வருமானக்காரர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், வளர்ப்பு இல்லங்களை விட்டு வெளியேறும் வயதை எட்டிய இளைஞர்கள் இங்கே வசிக்கிறார்கள். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு இடம் கொடுப்பதே இதன் வேலையாக இருந்தது, இன்றும் அதுவே.

அங்கிருந்து கிரிஃபித் அவென்யூவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே வில்லியம்ஸ் வடிவமைத்த செகண்ட் பாப்டிஸ்ட் தேவாலயமும் 1926-ல் எழுந்ததே. 1885-ல் தொடங்கிய சபை இது. கறுப்பின உரிமை இயக்கத்தின் தேசிய மாநாடுகளுக்கு இடம் கொடுத்த கூடம். மார்ட்டின் லூதர் கிங் பேசிய மேடை. பெரிய கூட்டம் கூட வேறு அரங்குகள் எளிதில் கிடைக்காத காலத்தில், கோயிலே ஊர்ச்சபையாகவும் இருந்திருக்கிறது.

வில்லியம்ஸ் இதே நகரில் 1894-ல் பிறந்தவர். நான்கு வயதுக்குள் அப்பா, அம்மா இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்து, வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தார். கட்டடக் கலைஞராக வேண்டும் என்ற அவரைப் பள்ளி ஆசிரியர் தடுத்தார். கறுப்பர்களிடம் பணம் இல்லை, வெள்ளையர்கள் உன்னிடம் வரமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வில்லியம்ஸ் இரண்டு தரப்பையும் வரவைத்தார். வெள்ளைக்கார வாடிக்கையாளர் பக்கத்தில் உட்காரத் தயங்குவார் என்பதால், மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்து தலைகீழாக வரையப் பழகினார். வாடிக்கையாளரின் கண் முன்னே வீடு நேராக எழும். கட்டுமான இடங்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். கை குலுக்குவதா வேண்டாமா என்பதை எதிராளியே முடிவு செய்துகொள்ளட்டும் என்று. இவற்றைச் சாமர்த்தியம் என்று ரசிப்பவர்கள் உண்டு. எனக்கு ரசிக்க மனம் வரவில்லை. அவ்வளவு திறமை உள்ள ஒருவர், தன் தொழிலைச் செய்வதற்கு முன்பே செலுத்த வேண்டியிருந்த வரி அது.

மேற்கே ஆடம்ஸ் சாலையும் வெஸ்டர்ன் அவென்யூவும் சந்திக்கும் முனையில் நிற்கிறது 1949-ல் கட்டிய கோல்டன் ஸ்டேட் மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டுக் கட்டடம். காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பர்களை ஒதுக்கியும் கூடுதல் பிரீமியம் வாங்கியும் வந்த காலத்தில், 1925-ல் வில்லியம் நிக்கர்சன், நார்மன் ஹூஸ்டன், ஜார்ஜ் பீவர்ஸ் மூவரும் தொடங்கிய நிறுவனம் இது. அதன் தலைமையகத்துக்கு வில்லியம்ஸ் கொடுத்தது அலங்காரம் குறைந்த, நேர்க்கோடுகள் ஓடும் நவீன வடிவம்.

வரவேற்புக் கூடத்தின் பெருமை இரண்டு பெரிய ஓவியங்கள். சார்ல்ஸ் ஆல்ஸ்டன் ஒன்றையும் ஹேல் உட்ரஃப் மற்றதையும் வரைந்தார்கள். கலிபோர்னியா வரலாற்றில் கறுப்பின மக்களின் பங்கே இரண்டிலும் பொருள். அடிமையாக இந்த மாநிலத்துக்கு நடத்திவரப்பட்டு, 1856-ல் நீதிமன்றத்தில் விடுதலை பெற்ற பிடி மேசனும் அவற்றில் இருக்கிறார். பாலிசிப் பணம் கட்ட வந்தவர்கள், பள்ளிப் பாடத்தில் தங்களுக்குச் சொல்லாத வரலாற்றை இங்கே பார்த்திருப்பார்கள்.

நிறுவனம் 2009-ல் நொடித்தபோது இந்த ஓவியங்களும் கைமாறிப் போய்விடுமோ என்ற கவலை எழுந்தது. 2011-ல் நகராட்சி கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது. ஓவியங்கள் இடம் மாறவில்லை. இப்போது வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவும் மையம் இங்கே இயங்குகிறது. கட்டடத்தை ஒட்டி வில்லியம்ஸுக்கு 2015-ல் ஒரு நினைவுச் சிற்பமும் எழுந்திருக்கிறது.

கடைசியாக லஃபாயெட் ஸ்கொயர். இங்கே விக்டோரியா அவென்யூவில் தனக்காக ஒரு வீட்டை வடிவமைத்து 1952-ல் குடியேறினார் வில்லியம்ஸ். அப்போது அவருக்கு வயது 58. நகரின் நல்ல பகுதிகளில் கறுப்பர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-ல்தான். பணக்காரர்களுக்கு மாளிகை வரைந்துவிட்டு, அந்தத் தெருக்களில் தான் குடியேற முடியாத நிலையைப் பற்றி அவரே 1937-ல் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

அவர் 1980-ல் காலமானார். கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் 2017-ல்தான் வந்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அவருடைய வரைபடங்களை 2020-ல் கெட்டி ஆய்வு நிறுவனமும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வாங்கின. தாமதமானாலும் நல்ல காரியங்கள். ஆனால் பதக்கத்தையும் காகிதத்தையும் காப்பதோடு கடமை முடிந்துவிடாது. ஒரு கட்டடக் கலைஞரின் உயிர், அவர் கட்டியதை மக்கள் புழங்குவதில் இருக்கிறது. 28-வது தெருவிலும் ஆடம்ஸ் முனையிலும் இந்த நகரம் அதைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறது. அவர் வடிவமைத்து இன்னும் நிற்கும் மற்றக் கட்டடங்களையும், இடிக்க அனுமதி கேட்டு யாரும் வருவதற்கு முன்பே, இதே அக்கறையோடு பட்டியலிட்டுப் பாதுகாக்க வேண்டும்.