இருபத்தைந்தாயிரத்துக்குள் ஒரு கேமரா

ஜூன் 15, ஞாயிறு

ஆடி மாதக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது கையில் ஒரு கேமரா இருக்க வேண்டும். சீட்டுப் பணம் இருபத்தைந்தாயிரம் வந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் போடுவதாக இல்லை.

"போன்லயே எடுத்துக்கிடலாமேக்கா" என்கிறான் தம்பி. பகலுக்கு அவன் சொல்வது சரி. பொங்கல் பானை, முளைப்பாரி, மாமியார் மருமகள் செல்ஃபி இதற்கெல்லாம் போனே தாராளம். எனக்குச் சிக்கல் சாமக்கொடைதான். நடு ராத்திரி, ட்யூப் லைட் வெளிச்சம், சாமியாடி ஓரிடத்தில் நிற்க மாட்டார். இருட்டில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். அசையாத கோபுரத்துக்கு அது நல்ல வேலை. ஆடுகிற ஆளுக்குச் சரிப்படாது. போன வருஷப் படத்தில், சாமியாடும் பெரியப்பாவின் வேல்கம்பு இரண்டாகத் தெரிகிறது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, வழித்து எடுத்துவிட்டது. எழுபது வயதுக்காரருக்கு அது மரியாதை ஆகாது.

ஜூன் 18, புதன்

பள்ளி விட்டு வந்து இரண்டு மணி நேரம் ஆன்லைனில் தேடல். ஆறாயிரம் ரூபாய்க்கு '48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்' என்று வரிசையாக வருகின்றன; கேள்விப்படாத பெயர்கள், எல்லாம் ஒரே அச்சு. உள்ளே இருப்பது மிகச் சிறிய சென்சார். அது எடுத்ததை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கி 48 என்று கணக்குக் காட்டுகிறது. ஜூமும் டிஜிட்டல் ஜூம், அதாவது நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. லென்ஸ் நகர்ந்தால்தான் அது ஆப்டிகல் ஜூம்.

சரி, எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்று நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஆல்பத்தில் ஒட்டும் 6x4 பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால், 1800 பெருக்கல் 1200. இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சட்டம் போட்டு மாட்ட ஏ4 அளவு என்றால் ஒன்பதுக்கும் குறைவு. நாற்பத்தெட்டை வைத்துக்கொண்டு நான் ஊர் எல்லையில் பேனரா வைக்கப்போகிறேன்?

ஜூன் 22, ஞாயிறு

பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பு. சாதாரணப் பாக்கெட் கேமராக்களில் 1/2.3 இஞ்ச் என்று போட்டிருப்பது சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். '1 இஞ்ச்' என்பது 13.2க்கு 8.8. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு இஞ்ச் வராது. பழைய டிவி கேமராக் குழாயின் விட்டத்தை வைத்துச் சொல்லும் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிக்கானின் சின்ன டிஎஸ்எல்ஆர்களில் உள்ள ஏபிஎஸ்-சி 23.5க்கு 15.6. பாக்கெட் கேமராவின் பரப்பைப்போல் பதின்மூன்று மடங்கு. ராத்திரியில் இந்தப் பரப்புதான் பேசும்.

அடுத்தது லென்ஸ். டிஎஸ்எல்ஆரோடு சேர்த்துத் தரும் 18-55 லென்ஸில் 35 மில்லிமீட்டருக்கு வந்தால் எஃப்/4.5 வாக்கில்தான் திறக்கும். தனியாக விற்கும் 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆடுகிறவரை நிறுத்திப் பிடிக்க 1/125 விநாடியாவது வேண்டும் என்றால், அந்த ஆறு மடங்கை வேறு எங்கே போய் வாங்குவது?

ஜூன் 28, சனி

டிஎஸ்எல்ஆரைப் புதிதாக வாங்க என் பணம் காணாது. பழசு வாங்கலாம். கல்யாணப் படம் எடுப்பவர்கள் எல்லாம் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள்; நிக்கானும் 2018இல் டி3500 விட்டதோடு அந்த வரிசையை நிறுத்திக்கொண்டது. அதனால் பழைய பெட்டிகள் மலிந்து கிடக்கின்றன.

மனசு இழுத்தது சோனி ஆர்எக்ஸ்100 பக்கம். 2012இல் வந்தது, கால் கிலோகூட இல்லை, 1 இஞ்ச் சென்சார், அகலக் கோணத்தில் எஃப்/1.8. கைப்பையில் போட்டுக்கொண்டு தினமும் பள்ளிக்கே கொண்டுபோகலாம். என்னோடு வராத கேமரா நல்ல கேமராவாக இருந்து என்ன? ஆனால் ஜூமை நீட்டினால் எஃப்/4.9 ஆகிவிடும். பத்து வருஷப் பழசில் அந்த நீளும் லென்ஸ் சிக்கிக்கொண்டால் கேமராவே போச்சு. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் கெட்டால் லென்ஸை மட்டும் மாற்றலாம். சம்பளக்காரிக்கு இது பெரிய நியாயம்.

ஜூலை 5, சனி

காலையில் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோ அண்ணாச்சி. நிக்கான் டி3300 எடுத்து வைத்தார். 2014 மாடல், 24 மெகாபிக்சல். வெளியே தேய்ந்து, பிடி ரப்பர் வழவழவென்று இருந்தது. ஒரு படம் எடுத்துத் தம்பியின் லேப்டாப்பில் போட்டோம். நிக்கான் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஷட்டர் அதுவரை எத்தனை முறை அடித்திருக்கிறது என்று எழுதி வைக்கும். 61,000 தாண்டியிருந்தது. கம்பெனி ஒரு லட்சத்துக்குச் சோதித்த ஷட்டர்.

"ஓடுன வண்டி டீச்சர், மறைக்கல. ஆனா கண்ணாடி சுத்தம், பாத்துக்கிடுங்க."

மத்தியானம் நாகர்கோவிலில் இன்னொரு டி3300. இன்ஜினியரிங் படித்த பையன், வாங்கி ஆசைக்கு நாலு மாசம் எடுத்துவிட்டு வைத்துவிட்டான். நாலாயிரம் ஷட்டர்கூட ஆகவில்லை, ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை, விலையும் குறைவு. தம்பி பர்ஸை எடுத்தேவிட்டான். லென்ஸின் பின்மூடியைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்து, மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை. ஈரக்காற்றுள்ள ஊரில் பஞ்சு வைத்த பைக்குள் வருஷக்கணக்காக மூடிக் கிடந்தால் இதுதான் கதி. முற்றினால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். கழற்றித் துடைக்கிற கூலிக்கு வேறு லென்ஸே வாங்கலாம். உழைத்த கேமராவில் ஷட்டர் தேயும், உழைக்காததில் பூஞ்சை பிடிக்கும். தேய்மானத்துக்காவது ஒரு எண் இருக்கிறது. பையனிடம் இழையைக் காட்டினேன். அவனுக்கே தெரியாது, பாவம்.

சாயங்காலம் மறுபடி அண்ணாச்சி கடை. துவாரத்தை எஃப்/22க்கு ஒடுக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தேன். சென்சாரில் தூசி இருந்தால் இப்படித்தான் கருப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். வலது மூலையில் இரண்டு. பம்ப் வைத்து ஊதினார், ஒன்று போனது. மற்றதற்காக ஐந்நூறு குறைத்தார்.

"50 எம்எம் ஒண்ணு கெடக்கு, மூவாயிரத்துக்குத் தாரேன், கொண்டு போங்க" என்றார். 50 எம்எம் எஃப்/1.8டி. அருமையான கண்ணாடிதான், ஆனால் டி3300 உடம்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் மாதிரி உள்ளேயே மோட்டார் உள்ள லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் ஆகும். இதைக் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் சாமி மலையேறிவிடும். சொன்னதும் சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து ஏஎஃப்-எஸ் 35 எம்எம் எஃப்/1.8ஜி எடுத்து வந்தார். முதலிலேயே எடுத்திருக்கலாம்.

உடம்பும் 18-55ம் பதினைந்தாயிரத்து ஐந்நூறு, 35 எம்எம் ஏழாயிரத்து ஐந்நூறு. மீதி இரண்டாயிரத்தில் இன்னொரு பேட்டரி, ஒரு 32 ஜிபி கார்டு. கைப்பட எழுதி, சீரியல் எண் போட்டு ரசீது கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டே தந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

பால்காரர் வரும் நேரத்துக்கே எழுந்து திண்ணை விளக்கில் சோதனை. ஐஎஸ்ஓ 3200, எஃப்/2, 1/125. எதிர்வீட்டு ஆச்சி வாசல் தெளிக்கிறாள். தண்ணீர் மட்டும் கோடுகோடாக இழுபட்டிருக்கிறது, நிழலில் கொஞ்சம் மணல்மணலாக இருக்கிறது. இருக்கட்டும். ஆச்சியின் நெற்றிச் சுருக்கம் அத்தனையும் இருக்கிறது. காட்டினேன். "இம்புட்டுக் கெழவியாவா இருக்கேன்?" என்று கோபித்துக்கொண்டாள். போன் எடுத்த பழைய படம்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது.

கேமராவைப் பைக்குள் வைக்காமல் சமையலறை டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் டப்பா போனதென்று அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இதுல வைஃபை எங்கக்கா இருக்கு? ஸ்டேட்டஸ் வைக்கணும்ல?"

இந்த மாடலில் வைஃபை கிடையாது. கார்டு ரீடர் வாங்க இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், இருபத்தைந்தாயிரத்துக்கு வெளியே.