கார்கிவில் எழுத்தாளர்கள் குடியிருந்த வீடு

கீவில் ஏறிய இராத்திரி ரயில் கார்கிவை எட்டும்போது இன்னும் விடியவில்லை. பெட்டிக் கோடியில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் அம்மா, உலோகப் பிடி மாட்டிய கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். பாலுமில்லை, நுரையுமில்லை. ஆனால் அந்தச் சூடு! கீழே இறங்கினால் பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி. மூச்சை இழுத்ததும் மூக்குக்குள்ளிருந்த ஈரம் உறைந்து சுருக்கென்று குத்தியது. மார்கழிப் பனிக்கே மஃப்ளர் சுற்றுகிற ஊரில் வளர்ந்த உடம்பு அல்லவா, திகைத்துப்போனது.

வெளியே பூக்கடை. இந்தக் குளிரில் பூவா! கண்ணாடிப் பெட்டிக்குள் மெழுகுவத்தி ஏற்றி வைத்துப் பூக்களுக்குச் சூடு காட்டுகிறார்கள். ஐந்து சிவப்பு கார்னேஷன் கேட்டேன். யாருக்கு என்றார் பாட்டி. செல்பேசியில் பெயரைக் காட்டினேன்: மிக்கோலா ஹ்விலோவி. ஒன்றும் பேசாமல் இன்னொரு பூவை எடுத்துச் சேர்த்துக் கட்டினார். உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படை, இறந்தவருக்கு இரட்டைப்படை. அது அங்கே மாறாத வழக்கம். 101 என்று மொய் எழுதும் வீட்டிலிருந்து வந்த எனக்கு, அந்த ஒற்றைக் கணக்கை இவ்வளவு தூரத்தில் கண்டதும் உடம்பு சிலிர்த்தது.

சுரங்க ரயிலேறி, பிறகு பனியில் காலூன்றி ஊன்றி நடந்து குல்தூரி தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐந்து மாடிக் கட்டடம். பெயர் ‘ஸ்லோவோ’, அதாவது ‘சொல்’. அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் போலவே கட்டடத்தையும் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். கார்கிவ் சோவியத் உக்ரைனின் தலைநகராயிருந்த காலத்தில் எழுத்தாளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து எழுப்பியது. 66 வீடுகள், வீட்டுக்கு வீடு தொலைபேசி, மொட்டை மாடியில் வெயில் காய இடம், குளிக்கக் குழாய்! 1930 வாக்கில் எந்த ஊரில் எழுத்தாளருக்கு இப்படி வாழ்வு கிடைத்தது? நினைக்க நினைக்க மலைப்பாயிருந்தது. வாசல் சுவரில் கறுப்புப் பலகை; அதில் வரிசை வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க மலைப்பெல்லாம் வடிந்துவிட்டது. நாட்டின் எழுத்தாளர்களையெல்லாம் ஒரே விலாசத்தில் குடிவைத்தால், பிடித்துப்போக வருகிறவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

அங்கே குடியிருந்த எழுத்தாளர் ஹ்விலோவி கம்யூனிஸ்ட்தான். ஆனால் உக்ரைன் எழுத்து மாஸ்கோவைப் பார்த்து எழுதக் கூடாது, ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். 1926 ஏப்ரலில் ஸ்டாலினே கடிதமெழுதி அவர் பெயரைச் சொல்லிக் கண்டித்தார். மறுவருஷம் ‘வல்த்ஷ்னெப்பி’ என்ற நாவலின் முதல் பகுதி பத்திரிகையில் வந்தது. புரட்சி ஏமாற்றிவிட்டதே என்று குமுறும் ஒரு கட்சிக்காரனின் கதை. இரண்டாம் பகுதி அச்சான இதழைப் பறிமுதல் செய்து அழித்தார்கள். அதன் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கடிதங்கள் எழுதினார், மாஸ்கோவைப் புகழ்ந்தும் எழுதினார். அந்தக் கடிதங்களுக்காக அவர்மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் இல்லை.

1933 வசந்தத்தில் லியுப்சென்கோ என்ற எழுத்தாள நண்பருடன் கிராமங்களுக்குப் போய், விளைந்த தானியத்தையெல்லாம் அரசு வாரிக்கொண்டுபோனதால் மக்கள் பட்டினியில் விழுந்து சாவதைக் கண்ணால் கண்டார். மே 12 இரவு இதே கட்டடத்தில் குடியிருந்த நண்பர் யாலோவியைக் கைது செய்தார்கள். மறுநாள் நண்பர்களைத் தேநீருக்கு அழைத்தார் ஹ்விலோவி. கிதார் வாசித்தார். பக்கத்து அறைக்குப் போனார். நண்பனுக்கு நேர்ந்த அநீதியை எழுதிவைத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொண்டார். வயது 39. அந்தத் தேநீருக்கு வந்தவர்களில் தோஸ்வித்னியை 1934 மார்ச்சில் சுட்டார்கள். நாடகாசிரியர் குலிஷையும் அதே யாலோவியையும் 1937 நவம்பர் 3 அன்று, வடக்கே கரேலியக் காட்டில் சந்தர்மோக் என்னுமிடத்தில் சுட்டார்கள். ‘நகரம்’ என்ற அருமையான நாவலை எழுதிய பித்மொஹில்னியும் அன்றைக்கே அங்கேதான் போனார்.

மதியத்துக்கு மேல் பூங்காவுக்குப் போனேன். முன்பு அது கல்லறைத் தோட்டம். பிறகு சமன்படுத்திப் பூங்காவாக்கினார்கள், ஹ்விலோவியின் கல்லறையும் காணாமற்போனது. இப்போது பெயருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. குழந்தைகள் பனிச்சறுக்குப் பலகையில் கூச்சலிட்டபடி இறங்கினார்கள். யாரோ எனக்கு முன்பே பூ வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், இரட்டைப்படை. என் ஆறையும் பக்கத்தில் வைத்தேன்.

சாயங்காலம் புத்தகக் கடையில் அவருடைய கதைகள் முன்வரிசையிலேயே நின்றன. சோவியத் காலத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் தடை செய்யப்பட்டிருந்தவர்! கல்லூரிப் பெண் ஒருத்தி சாவகாசமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிற்பாடு, 2022 மார்ச்சில், ரஷ்ய குண்டுவீச்சு ஸ்லோவோவின் சுவரையும் சேதப்படுத்தியது. செய்தியில் அந்தச் சுவரைப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. வல்த்ஷ்னெப்பியின் முதல் பகுதி எவ்வளவு படித்தாலும் பாதியில்தான் நிற்கிறது. பறிமுதல் செய்த இதழில் ஒரே ஒரு பிரதியாவது எந்தப் பரணிலாவது, எந்தப் பழைய பெட்டிக்குள்ளாவது கிடந்து அகப்படாதா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.