நெட்டையான ஆளோடு மோதும்போது

குத்துச்சண்டையில் உயரமான ஆளோடு ஸ்பாரிங் போடுகிறவர் நிற்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. அவருடைய ஜாப் எட்டும், நம் கை எட்டாது என்கிற தூரம். பையன்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறார்கள். பயந்து ஓரடி பின்னே போகிறார்கள், ரோஷம் வந்து அரையடி முன்னே வருகிறார்கள், ரவுண்டு முழுக்க அந்த இடத்திலேயே அடி வாங்குகிறார்கள். ஒன்று, முழுக்க வெளியே இருக்க வேண்டும். இல்லையா, அவர் நெஞ்சோடு ஒட்டி உள்ளே இருக்க வேண்டும். குட்டையானவரின் வித்தையெல்லாம் இடையே கடந்து போகும் அந்த அரை நொடியில் இருக்கிறது.

*

கண். நெட்டையானவரின் முகத்தைப் பார்த்தால் நம் தாடை தானாக மேலே எழும்பிவிடும். காறை எலும்பைப் பார்த்தால் போதும். கை கிளம்பும் முன் தோள் அசைவது அங்கேயே தெரிந்துவிடும்.

*

ஜோ ஃபிரேசியரைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. 6 அடிக்குச் சற்றுக் குறைவான உயரம். முகமது அலி 6 அடி 3 அங்குலம். 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். முழங்காலை மடக்கி, தலையை இடமும் வலமும் ஆட்டியபடி, அலியின் ஜாப்புக்கு அடியில் புகுந்து புகுந்து 15 ரவுண்டும் முன்னால் வந்துகொண்டே இருந்தார். அப்பர்கட் போடும்போது அலி வலது கையைக் கீழே இறக்குவார் என்பதை ஃபிரேசியரின் பயிற்சிக் குழுவில் இருந்த எடி ஃபட்ச் முன்பே கவனித்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து இடது ஹூக் போடு என்பது அவர் சொல்லிக்கொடுத்தது. கடைசி ரவுண்டில் அந்த இடது ஹூக் அலியை மல்லாத்தியது. தீர்ப்பும் ஏகமனதாக ஃபிரேசியருக்கே. சிறுவயதில் அடிபட்டுச் சரியாகக் கூடாததால் அவருடைய இடது கை முழுதாக நீளாது. மடங்கியே இருந்த அந்தக் கை ஹூக்குக்கு வாகாகப் போயிற்று.

*

அதே ஃபிரேசியர், அதே பாணி. 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன். ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை அவரைக் கீழே தள்ளினார். உள்ளே வந்தவரின் தோளை இரண்டு கையாலும் தள்ளிவிடுவார். தள்ளியதும் தூரம் ஃபோர்மனுக்குச் சாதகமாகிவிடும். குனிந்த தலைக்குக் கீழிருந்து அப்பர்கட் வரும். பையன்கள் இடுப்பை வளைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே நுழையும்போதெல்லாம் எனக்கு கிங்ஸ்டன் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசையும். மடங்க வேண்டியது முழங்கால், முதுகு அல்ல.

*

தலை தூரம், வயிறு கிட்டே. எம்பி எம்பித் தலையைத் தேடினால் கால் தரையை விட்டுப்போகும், அடியில் பலம் இருக்காது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஜாப் போட்டுக்கொண்டே இருங்கள். நாலைந்து பட்டால் அவர் முழங்கை இறங்கும். அதற்கப்புறம் மேலே போகலாம்.

*

மைக் டைசன் 5 அடி 10 அங்குலம்தான். கேட்ஸ்கில்லில் பயிற்சியாளர் கஸ் டி'அமாட்டோ அவருக்கு ஊட்டியது ஒரே பாடம்: தலை ஒரு இடத்தில் நிற்கக் கூடாது. கயிற்றில் தொங்கும் சின்னப் பையை ஆட்டிவிட்டு, அது முகத்தில் படாமல் நழுவிக்கொண்டே இருக்கும் பயிற்சி. 1986-ல், 20 வயதில், உலகப் பட்டம். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் அந்தத் தலை அசையவே இல்லை. ஏறக்குறைய ஓரடி கூடுதல் ரீச் கொண்ட பஸ்டர் டக்ளஸின் ஜாப் அதைத் தேடித்தேடிப் பிடித்தது. பத்தாவது ரவுண்டில் ஆட்டம் முடிந்தது. டைசனின் கைப்பலம் அன்றும் குறையவில்லை, எட்டாவது ரவுண்டில் டக்ளஸே கீழே விழுந்து எழுந்தார். உள்ளே போகும் வழிதான் இல்லாமல் போயிற்று.

*

அண்மையில் மனம் நிறைந்து பார்த்தது ஒலெக்சாந்தர் உசிக். 2024 மே 18, ரியாத். டைசன் ஃபியூரி அவரைவிட அரையடி உயரம். உசிக் இடக்கைக்காரர். முன்காலை ஃபியூரியின் முன்காலுக்கு வெளியே வைத்து வைத்து, நேர்கோட்டை விட்டு விலகிவிடுவார். நடு ரவுண்டுகளில் வயிற்றில் வாங்கிய அடிகளைப் பார்த்தபோது போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் உசிக்கின் கால் ஓயவில்லை. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி தள்ளாடி, ரெஃபரி எண்ண வேண்டி வந்தது. உசிக்குக்கு வெற்றி, ஆனால் நடுவர்களில் ஒருவர் ஃபியூரிக்குத் தீர்ப்பளித்தார்.

*

உள்ளே போகக் கற்றுத்தருகிற அளவுக்கு வெளியே வரக் கற்றுத்தருவதில்லை. நாலு அடி போட்டுவிட்டு நேராகப் பின்னால் வந்தால் மறுபடியும் ஜாப்பின் நுனியில்தான் வந்து நிற்போம். அவர் கைக்கு அடியில் புகுந்து பக்கவாட்டில் வெளியேற வேண்டும். உள்ளேயே சும்மா நின்றாலும் ஆபத்து. அவர் கட்டிப்பிடித்து, கழுத்தில் தன் எடையை இறக்குவார். இரண்டு ரவுண்டு அப்படிச் சுமந்தால் கால் செத்துவிடும்.

*

பயிற்சிக்கு: நெட்டையானவர் ஜாப் மட்டும் போடலாம். குட்டையானவர் வயிற்றில் மட்டும் அடிக்கலாம். பாதி வேகம், ஹெட்கார்டு கட்டாயம். மூன்று ரவுண்டு. மூன்றாவதில் மட்டும், ஒவ்வொரு முறை உள்ளே போன பிறகும் எந்தப் பக்கம் வெளியே வந்தார் என்று மாஸ்டர் சத்தமாகச் சொல்ல வேண்டும்.