இடம் மாறும் பக்கங்கள்

சேர்ப்பது எளிது, சேர்த்தவற்றை ஒழுங்குபடுத்துவதே அரிது. வீட்டுப் பரணுக்குப் பொருந்தும் இவ்வுண்மை அறிவுக் களஞ்சியங்களுக்கும் பொருந்தும்.

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் முறையில் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைத் தோற்றுவித்தது 1995ஆம் ஆண்டில். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. எழுதுவதில் விரைவு நன்றே. ஆயின், விரைந்து எழுதியவை மலையெனக் குவிந்தபின், ஒன்றைத் தேடி வருவோன் எங்கே போவான்?

1996இல் ஜெர்மானியராகிய மத்தியாஸ் எட்ரிச் தொடங்கிய கே.டி.இ. என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்திற்கும் இவ்வினா எழுந்தது. அத்தொண்டர்கள் கண்ட விடை எளியது: பொருளை நோக்காது, படிப்போனை நோக்கிப் பிரித்தார்கள். நிரல் எழுதுவோர்க்கு டெக்பேஸ். பயன்படுத்துவோர்க்கு 2008இல் யூசர்பேஸ். தொண்டர்கள் தமக்குள் கலந்து பணியாற்றக் கம்யூனிட்டி. இப்பிரிவும் நிலைத்துவிடவில்லை. நிரலாளர்க்குரிய பாடங்கள் பின்னாளில் வேறொரு தளத்திற்குக் குடிபெயர்ந்தன.

இதனை எண்ணுந்தோறும் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் என் நினைவுக்கு வருகிறார். சென்னையிலும் காசியிலும் தில்லியிலும் பணிபுரிந்து, பெங்களூரில் 1972இல் மறைந்த அப்பெருமகனார், 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில், படிப்போனின் பொழுது வீணாதல் கூடாது என்றும், நூலகம் உயிர்போல் வளர்வது என்றும் உணர்த்தினார். வளரும் ஒன்றை ஒருமுறை அடுக்கிவிட்டு ஓய முடியுமா?

ஆயின், அடுக்குவதில் ஓர் இடர் உண்டு. யூசர்பேஸின் பக்கங்கள் பல மொழிகளிலும் பெயர்க்கப்படுபவை. அங்கே ஒவ்வொரு பத்திக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பத்தியை மேலிருந்து கீழே மாற்றுவோர் அவ்வெண்ணையும் உடன் எடுத்துச் சென்றால் மொழிபெயர்ப்பு பிழைக்கும். எண்ணை விட்டுவிட்டால் உறவு அறும். மூலத்தின் சொற்களை மாற்றினாலோ, பெயர்த்தவை யாவும் பழையன என்று குறிக்கப்பட்டுவிடும். வெறும் எழுத்துப்பிழைத் திருத்தமாயின் அவ்வாறு குறிக்க வேண்டாம் எனத் தடுக்கவும் வழி உண்டு. ஆயினும் அதனைத் தீர்மானிப்பவர் ஆங்கில மூலத்தை ஒழுங்கு செய்வோரே.

இங்கேதான் என் கவலை. ஆங்கிலத்தில் ஒருவர் அழகு கருதி ஒரு வாக்கியத்தை மாற்றி எழுத அரை நிமிடம் போதும். அதனால் பத்து மொழிகளில் பத்துப் பேர் மீண்டும் உட்கார வேண்டும். பெரிய மொழிகளுக்கு ஆள் உண்டு. ஒருவரோ இருவரோ மட்டும் பெயர்க்கும் மொழியில், அவ்வொருவர் சோர்ந்தால் பக்கம் அப்படியே நின்றுவிடும். ஊதியம் பெறாத உழைப்பு அது. அலுவலகம் விட்டு வந்து இரவில் கண்விழித்துச் செய்தது.

அதற்காக ஒன்றையும் தொடாதிருக்கலாமா? ஆகாது. காலாவதியான குறிப்பு, குறிப்பே இல்லாமையினும் தீது. புதியவனைத் தவறான வழியில் அனுப்பிவிடும். மாற்ற வேண்டியதை மாற்றத்தான் வேண்டும். பக்கத்திற்குப் புதுப் பெயர் இடும்போது, பழைய பெயரில் ஒரு வழிமாற்றை விட்டுச் செல்லும் வழக்கம் விக்கியில் உண்டு. வீடு மாறுகையில் பழைய தெருவின் அஞ்சற்காரரிடம் புது முகவரி சொல்லிவிட்டு வரும் நம் குடும்பங்களுக்கு இதன் அருமையை விளக்கவும் வேண்டுமோ? திருத்தங்களின் வரலாறும் அழியாமல் நிற்கும். முதலில் எழுதியவரின் பெயர் அங்கே இருக்கும்.

கருவி இவ்வளவும் செய்கிறது. எஞ்சியது மனிதர் செய்ய வேண்டியது. மாற்றுமுன் மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு சொல் கூறுதல். பொருள் திரிந்த இடத்தை மட்டும் திருத்துதல். அழகுக்கான ஆசையை அடக்குதல். ஒழுங்கு என்பது அடுக்கின் நேர்த்தி மட்டுமன்று. முன்பே உழைத்தவரின் உழைப்பை வீணாக்காமல் அடுக்குவதே ஒழுங்கு என்பது என் துணிபு.