அத்தைக்குச் சொன்ன சமாதானங்கள்

கும்பகோணத்துக்குச் சமீபத்திலுள்ள எங்கள் கிராமத்தில், பாட்டனார் கட்டிய இரண்டு கட்டு வீட்டை 1956-ஆம் வருஷம் தை மாதத்தில் நான் விற்றபோது, விலை பேசி முடிப்பதற்குப் பிடித்த காலத்தைக் காட்டிலும், விற்றது நியாயந்தான் என்று உறவினருக்கும் ஊராருக்கும் எடுத்துரைப்பதில் கழிந்த காலமே அதிகம். அடுத்த வீட்டாரிடம், ஓடுகள் சரிந்து உத்தரம் செல்லரித்துப் போனதைக் காட்டினேன். பங்காளிகளிடம், குத்தகை வரவு வரி கட்டவும் காணவில்லை என்று கணக்குச் சொன்னேன். வேதாந்தப் பற்றுள்ள சிநேகிதர் ஒருவரிடம், பத்துப் பேர் புழங்க வேண்டிய வீட்டில் ஒருத்தி மட்டும் விளக்கேற்றிக்கொண்டிருப்பது வீட்டுக்கே செய்யும் அபசாரம் என்றுகூடப் பேசினேன். அந்த ஒருத்தி என் அத்தை. இளம் வயதில் கணவனை இழந்து பிறந்தகம் திரும்பி, தாயில்லாத என்னை வளர்த்து ஆளாக்கியவள். அவளிடம், கண்ணில் புரை விழுந்திருக்கிறது, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கும் என்றேன்.

இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. உத்தரம் செல்லரித்திருந்தது, வரவு குறைந்திருந்தது, அத்தைக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சென்னையில் மனை வாங்க எனக்குப் பணம் வேண்டியிருந்தது என்பதை மாத்திரம் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. அது வெளியே சொல்லக் கூசும்படியான குற்றமுமன்று. இருந்தும், எதிரே இருப்பவர் எதை மதிப்பாரோ அதையே தேடி எடுத்து அவர் முன் வைத்தேன். காரணம் சொல்வதைச் ‘சமாதானம் சொல்வது’ என்கிறோமே, அந்த வழக்கைப் பற்றி இப்போது அடிக்கடி நினைக்கிறேன். கேட்பவர் மனத்தை அமைதிப்படுத்தச் சொல்லும் சொல் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஒரே செயலுக்கு நாலு பேரிடம் நாலு விதமாகச் சொல்லித் திரிந்த அந்த மாதத்தில், அமைதியைத் தேடி அலைந்தவன் நானே என்று தெரிந்தது.

அந்நாட்களில் கோயில் மண்டபத்தில் இராமாயண உபந்நியாசம் நடந்துகொண்டிருந்தது. வாலி வதம் சொல்லும் நாளன்று நானும் போயிருந்தேன். மறைந்து நின்று அம்பெய்தது தர்மமா என்று மார்பில் பாணத்துடன் வாலி கேட்கும் கேள்விக்கு, வால்மீகியின் கிஷ்கிந்தா காண்டத்தில், பதினெட்டாம் ஸர்க்கத்தில், இராமன் ஒன்றன்பின் ஒன்றாகப் பல காரணங்கள் சொல்கிறான். பூமி முழுதும் பரதன் ஆட்சிக்கு உட்பட்டது, தண்டிக்கும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்கிறான். தம்பி மனைவியான ருமையைக் கவர்ந்தாய் என்கிறான். சுக்ரீவனுக்கு வாக்களித்திருக்கிறேன் என்கிறான். முடிவில், அரசர் மறைந்திருந்து மிருகங்களை வேட்டையாடுவதில் தோஷமில்லை, நீயோ குரங்கு என்றும் சொல்கிறான். அரசனுக்கு ஏற்றது ஒன்று, தமையனுக்கு ஏற்றது ஒன்று, விலங்குக்கு ஏற்றது ஒன்று. தமையனுக்குரிய ஒழுக்கத்தை எவனிடம் எதிர்பார்த்தானோ அவனையே மிருகம் என்று சொல்ல நேர்ந்ததை எண்ணி, என்னைப் போல் எத்தனை பேர் அந்த இடத்தில் கலங்கியிருப்பார்கள்! கம்பன் அந்த வேட்டை நியாயத்தை இராமன் வாயில் வைக்கவேயில்லை. நாங்கள் விலங்குகள், எங்களுக்கு ஏது மண நெறி என்று வாலி சொல்லும்போது, நன்மை தீமை அறிந்த நீ விலங்காக மாட்டாய் என்று இராமன் மறுக்கிறான். அப்படியே ஆகட்டும், மறைந்து நின்று எய்தது ஏன் என்று வாலி மறுபடியும் கேட்குமிடத்தில் பதில் சொல்பவன் இலக்குவன்: நேரே வந்திருந்தால் நீயும் சரணடைந்திருப்பாய், முன்பு கொடுத்த வாக்குக்குப் பங்கம் வந்திருக்கும் என்கிறான். பதில் எவ்வளவு சாதுரியமானதாயினும், அங்கே இராமன் பேசாமல் நிற்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். காப்பியத்தின் ஒரு காலத்துக்கும் ஆறாத புண்ணைத் தன் நாயகனின் வார்த்தையைக் கொண்டு மூடக் கம்பனுக்கு மனம் ஒப்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இரு கவிகளிடத்தும் வாலி கடைசியில் சாந்தமடைந்து, அங்கதனை இராமன் கையிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகிறான். காரணங்களில் திருப்தியுற்றா அப்படிச் செய்தான்? கொன்றவனிடம் பிள்ளையை ஒப்படைக்கத் துணிந்த அந்த மனத்துக்குக் காரணங்கள் வேண்டியிருக்கவில்லை.

உபந்நியாசம் முடிந்து இரவில் வீடு திரும்பியபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி, கண் வைத்தியம், குழந்தைகளோடு இருக்கலாம், கபாலீசுவரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது என்று நான் மறுபடியும் ஆரம்பித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ஏன்டா, இத்தனை காரணம் எதுக்கு? வித்துட்டேன்னு சொன்னாப் போதாதா? உன் வீடுதானே!” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. சற்றுப் பொறுத்து, “கிணத்தடியிலே அந்தப் பவழமல்லி இருக்கே, வாங்கறவா அதை வெட்டிடுவாளோ?” என்று கேட்டாள்.

ஊருக்கெல்லாம் சமாதானம் சொல்லி வந்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. உள்ளே அலமாரியில் கிரயப் பத்திரத்தின் நகல் இருந்தது. நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாணம் என்று வழக்கம்போல எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். தரு என்ற அந்த ஒரு சொல்லில் பவழமல்லியும் அடங்கியிருந்தது.