குதிரைமேல் இருப்பவன்

கல்லூரி விடுதியில் என் கட்டிலுக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தேன். பழைய காலண்டரிலிருந்து வெட்டியது. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் தீட்டிய 'கதிர் பொறுக்கும் பெண்கள்'. அறுவடை முடிந்த கோதுமை வயலில் மூன்று பேர். நீலத் துணியும் சிவப்புத் துணியும் தலையில் கட்டிய இருவர் முற்றாகக் குனிந்து சிதறிய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள், அல்லது குனியப்போகிறாள். 'உழைப்பின் கண்ணியம்' என்று அந்தப் படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசுகூட வாங்கினேன்.

படிப்பு முடிந்து அறையைக் காலி செய்தபோது படமும் ஊருக்கு வந்தது. ஆயா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள்.

“குதிர மேல இருக்கிறானே, அவன் யாருடி?”

குதிரையா? இரண்டு வருஷம் படுத்து எழுந்த இடத்தில் இருந்த படம். நான் குதிரையைப் பார்த்ததேயில்லை. வலது பக்கம், வெகு தொலைவில், கடுகு போல ஒருவன் குதிரையில் இருக்கிறான். அவனுக்கு அந்தப் பக்கம் போர்களும் கட்டு ஏற்றிய வண்டியும் வேலையாட்கள் கூட்டமும். கங்காணி.

எங்களுடையது திருவண்ணாமலைப் பக்கம், மல்லாட்டை விளையும் ஊர். ஆயாவுக்குக் கையகல நிலம் கிடையாது. மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லையில், மண்ணுக்குள் அறுந்து தங்கிப்போன காய்களைக் களைக்கொட்டால் கிளறிப் பொறுக்கித்தான் பல வருஷம் மழைக்காலத்தைத் தள்ளியிருக்கிறாள். மடியில் கட்டிக்கொண்டு வரப்பேறும்போது நிலக்காரரின் ஆள் நிற்பானாம். பொறுக்கியதா, குவியலிலிருந்து எடுத்ததா என்று பார்க்க மடியை உதறச் சொல்வானாம்.

“உதறுனாலும் உடமாட்டான். கை போட்டுப் பாப்பான்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மாவும் சின்ன வயதில் ஆயாவோடு கொல்லைக்குப் போனவள்தான். அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது; அப்போது பயமாக இருந்தது.

பிறகு நானாகத் தேடிப் படித்தேன். அன்றைய பிரான்சில் கதிர் பொறுக்குவது பிச்சையல்ல, ஏழைகளுக்கு இருந்த உரிமை. ஆனால் விளைச்சல் முழுவதும் வயலைவிட்டுப் போன பிறகுதான் பொறுக்கலாம். அதுவும் பொழுது விடிந்த பிறகு, பொழுது அடைவதற்குள். மீறினால் தண்டனை. பாரிஸ் கண்காட்சியில் இந்தப் படத்தை வைத்தபோது விமர்சகர்கள் சிலர் மிரண்டுபோனார்கள். ஒருவருக்கு இந்தப் பெண்களுக்குப் பின்னால் 1793ஆம் ஆண்டின் புரட்சி ஈட்டிகள் தெரிந்தனவாம். குனிந்த முதுகுகளைப் பார்த்து அவ்வளவு பயம்! பணமுடையில் இருந்த மில்லே படத்தை 3,000 பிராங்குக்கு விற்றார். 1889இல் ஷாம்பெயின் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்து நடத்திய பொம்மரி என்ற கைம்பெண் அதை 3,00,000 பிராங்க் கொடுத்து வாங்கினார். அவர் இறந்த பிறகு படம் லூவருக்குப் போனது, இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பெண் தன் வியாபாரப் பணத்தில் வாங்கினாள் என்று படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. உடனே அந்த நூறு மடங்கு உறுத்தவும் செய்தது.

என் பரிசுக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். ஒளி, நிறம், முதுகுகளின் வளைவு எல்லாம் இருந்தன. அந்தப் பெண்கள் இடுப்புத் துணியை மடித்துப் பையாகக் கட்டியிருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆயா அதைத்தான் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “நம்ம மடி மாதிரியே கட்டியிருக்காளுங்க” என்றாள்.

அன்று படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகம் இன்னும் அந்த வலது ஓரத்தில்தான் இருந்தது. படத்தில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது.

“பொழுது எறங்கிடுச்சே. அவன் வர்றதுக்குள்ள கெளம்பச் சொல்லுடி அவளுங்கள.”